சும்மா இருக்க வேண்டிய பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக எதுவும் செய்யாமல் இருப்பதுதான் அந்தத் திட்டத்தில் எங்கள் பங்கு. முதலில் இது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. இப்போது இரண்டும் இல்லை. அலுப்புதான் இருக்கிறது.

மாரமங்கலத்துக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் நான் அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. தலைமையாசிரியை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மொத்தமே இரண்டு டீச்சர்தான். அதில் ஒருவர் பயிற்சி, கூட்டம், கணக்கெடுப்பு என்று எப்போதும் வெளியே இருப்பார். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஐந்தாம் வகுப்பில் அடிதடி நடந்துகொண்டிருக்கும். என் வீடு ஏற்காட்டில், பஜாருக்குப் பின்னால். வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலைப் பஸ்ஸில் போய்ச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவேன். அந்தப் பஸ்ஸை விட்டால் ஏதாவது ஜீப் வரும்வரை ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பகலில் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு மாதத்தில் அப்படி நின்று பார்த்தால் தெரியும். அதனால் நீண்ட மணி அடித்ததும் என் கால் தானாக ரோட்டுக்கு நடந்துவிடும். பிள்ளைகள் சாயங்காலம் ஊருக்குள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

திட்டங்கள் எனக்குப் புதிதில்லை. எங்கள் பீரோவைத் திறந்தால் தெரியும். படம் போட்ட அட்டைகள், எழுத்து அட்டைகள், கதை அட்டைகள், மணிச்சட்டம், ஒருமுறைகூடச் சார்ஜ் ஏறாத ஒரு கருவி. ஒவ்வொன்றும் வரும்போது கீழே இறங்கி ஒரு பயிற்சிக்குப் போக வேண்டும். இனிமேல் எல்லாம் மாறிவிடும் என்பார்கள், சமோசாவும் டீயும் தருவார்கள். திரும்பி வந்து பழைய அட்டையை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டுப் புது அட்டையைக் கீழ்த் தட்டில் வைப்போம். எது பிள்ளைகளுக்கு உதவியது, எது உதவவில்லை என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அதற்கு டவர் வேண்டும். டவர் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏற வேண்டும். இந்த முட்டியோடு நான் ஏறியிருக்கிறேன்.

அதனால், ஒரு பல்கலைக்கழகமும் கல்வித் துறையும் கைகோத்து, எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் இனிச் செய்வோம் என்று சொன்னபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அப்பாடா, இப்போதாவது கேட்கத் தோன்றியதே என்று நினைத்தேன்.

ஆராய்ச்சிக்காக வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சென்னைப் பக்கத்துப் பெண். மழையில் நனைந்த பையோடு பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். மலையில் நிறையப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை. அதனால் உள்ளூரிலேயே பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணை 'வாசிப்பு அக்கா' என்று நியமிப்பார்கள். தினமும் பள்ளி நேரத்தில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து அவள் சொல்லித் தருவாள். மலையில் சில பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளுக்கு அக்காவைக் கொடுப்பார்கள், பாதிக்குக் கொடுக்க மாட்டார்கள். யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். வருஷக் கடைசியில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். அக்கா இருந்த பக்கம் மேலே இருந்தால் எல்லாப் பள்ளிக்கும் அக்கா.

"எங்களுக்கு?" என்றேன்.

"நீங்க ஒப்பீட்டுப் பள்ளி மேம். வழக்கமா என்ன செய்றீங்களோ அதையே செய்யுங்க. புதுசா எதுவும் வேண்டாம்."

"அப்ப நாங்க சும்மா இருக்கணும்."

"சும்மான்னு இல்ல மேம்..."

"பரவால்ல கண்ணு, சொல்லு. அது எங்களுக்குப் பழக்கந்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அக்கா கிடைத்தது ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு. ஆனால் அந்த ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் யாரும் வீட்டில் இல்லை. இருந்த ஒருத்தியையும் எங்கள் ஊருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளையே போட்டார்கள். பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை, குடியிருப்பது எங்கள் ஊரில். தினமும் ஓடையைத் தாண்டிப் போய்வர வேண்டும். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதுவரை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள், முதல் நாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஊரே பார்த்தது.

அவளுடைய ஒரே மகள் என் பள்ளியில் நாலாம் வகுப்பு. சரியான வாயாடி. நான் பஸ்ஸைத் தவறவிட்ட கதையை எனக்கே நடித்துக் காட்டுவாள். எழுத்து என்று வந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். திட்டம் தொடங்குமுன் நடந்த முதல் சோதனையில் அவளுக்கு வந்த அட்டையில் ஒரு ரயில் நிலையத்தின் படமும் கீழே நாலு வரியும் இருந்தன. மலையேறி வந்து ரயில் நிலையத்தைக் கேட்கிறார்கள் பாருங்கள். இவள் படத்தைப் பார்த்தாள், வரியைப் பார்த்தாள், பிறகு தைரியமாக ஆரம்பித்தாள். ஒரு பஸ் வந்ததாம், ஒரு ஆட்டுக்குட்டி டிக்கெட் வாங்காமல் ஏறிவிட்டதாம், கண்டக்டர் துரத்தினாராம். அருமையான கதை. அட்டையில் இருந்தது வேறு. ஆராய்ச்சிப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, வாசிக்க வரவில்லை என்று குறித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ரோடு வரைக்கும் என்கூடவே நடந்து வந்தாள்.

"டீச்சருங்க, நாளையிலிருந்து அந்த ஊர்ப் புள்ளைங்களுக்குப் படிக்கச் சொல்லித் தரப் போறேனுங்க. எம் புள்ளைக்குத் தெரியலீங்களே."

"அடுத்த வருஷம் நமக்கும் வந்துரும் கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோ. அந்தப் பக்கம் நல்லாப் படிச்சிட்டா நமக்குத்தான் லாபம்."

"சரிங்க டீச்சர்" என்றாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

வருஷம் ஓடியது. கார்த்திகையில் காப்பிப் பழம் பறிக்கும் சீசன் வந்தது. பெரிய பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பகலெல்லாம் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள், கூடம் பாதி காலி. வழக்கமாகத் தை பிறந்து திரும்பி வரும்போது, சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வருவார்கள். அந்த வருஷம் அப்படி இல்லை. ஒரு நாள் பாடப் புத்தகத்தை விரித்து யாராவது வாசியுங்கள் என்றேன். கடைசி வரிசையில் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிற பயல் எழுந்து நின்று தடவித் தடவி வாசித்து முடித்தான். அடுத்து ஒருத்தி. அடுத்து அந்த வாயாடி. இந்தத் தடவை அவள் வாசித்தது புத்தகத்தில் இருந்ததையேதான்.

என் வாயால் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். தலைகால் புரியவில்லை எனக்கு. இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியது வீண் போகவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் அளந்தேன். அவர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், "இத்தனை வருஷமா வராத படிப்பு இப்ப மட்டும் எப்படி வந்துச்சாம்?" என்றார். அன்றைக்கு அவர் டீயை அவரேதான் போட்டுக் குடித்தார்.

வருஷக் கடைசியில் மறுபடி சோதனை நடந்தது. பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு ஆராய்ச்சிப் பெண்ணுக்கே வாய் பிளந்தது. "மேம், உங்க ஸ்கூல் சூப்பர் மேம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நானும் பெரிய மனுஷி மாதிரி, ஏதோ நம்மால் முடிந்தது என்றேன். அந்தக் கோடை விடுமுறை எனக்கு நல்ல விடுமுறை.

ஜூனில் பள்ளி திறந்ததும் அவள் மறுபடி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"வித்தியாசமே வரல மேம். பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களும் நல்லா வாசிக்கறாங்க, உங்க பிள்ளைங்களும் அதே அளவு வாசிக்கறாங்க. மலையில எடுத்த ஸ்கூலே கொஞ்சந்தான். உங்க ரெண்டு ஸ்கூலும் சேர்ந்து மொத்தக் கணக்கையும் இழுத்துருது."

"நல்லதுதானே? ரெண்டு பக்கமும் படிச்சிருக்குதுங்களே."

"நல்லதுதான் மேம். ஆனா அக்கா இல்லாத ஸ்கூலே இவ்வளவு படிச்சிருச்சுன்னா அக்கா எதுக்குன்னு கேப்பாங்க. திட்டத்த நிறுத்திருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நீங்க ஏதாவது புதுசா செஞ்சீங்களா மேம்?"

நான் எதையும் செய்யவில்லை. வழக்கம்போலவே 'அ' எழுதிப் போட்டேன், வழக்கம்போலவே திரும்பிப் பார்த்துக் கத்தினேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஏன் சாமி, உங்களுக்கெல்லாம் யாரு படிக்கச் சொல்லித் தந்தாங்க?" என்றேன், நம் பெயரைச் சொல்வார்கள் என்கிற நப்பாசையில்.

மொத்தக் கூடமும் ஒரே குரலாகச் சொன்னது: "அக்கா!"

"எந்த அக்கா?"

"அக்காதானுங்க டீச்சர். சாயங்காலம் அக்கா ஊட்டுக்குப் போவமுங்க. பொரி குடுப்பாங்க, அப்புறம் படிப்பமுங்க."

ஒளிவுமறைவு எதுவுமில்லை. யாராவது கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. ஆனால் என் கவலை அப்போது முக்கியமில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாசிப்பு அக்கா வீட்டுக்கு நடந்தோம்.

அவள் வாசலில் சாக்கு விரித்து மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்த முகமாக எழுந்து, உட்காரச் சொன்னாள். திட்டத்து ஆள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஊர்க்கவுண்டரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த ஊருக்கு நல்லது கெட்டதைப் பேசி முடிக்கிறவர் அவர்தான்.

ஆராய்ச்சிப் பெண் மெதுவாகத்தான் கேட்டாள். "அக்கா, இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கும் நீங்க சொல்லித் தந்தீங்களா? மத்த ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னோமே."

அவள் பதில் சொல்லுமுன் ஊர்க்கவுண்டர் புகுந்துவிட்டார்.

"ஏனுங்க, ஊரு நோம்பிக்குக் கெடா வெட்டுனா ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூறு போகாம நாங்க சோத்துல கைய வெப்பமுங்களா? அவங்க வெட்டுனாலும் அப்படித்தானுங்க. பொண்ணு குடுத்து எடுத்த ஊருங்க ரெண்டும். படிப்பு அங்க வந்திருக்குது. எங்க கூறு எங்கன்னு கேட்டமுங்க. நாயந்தான், சாயங்காலம் வெச்சுக்கோங்கன்னு அவங்களே சொன்னாங்க. பொரி அவங்க குடுத்துவிட்டதுதானுங்க." அவர் குரலில் பெருமை இருந்தது. "ரெண்டு ஊருப் புள்ளைங்களும் படிச்சா உங்களுக்கும் நல்ல பேருதானுங்களே? அத நெனச்சுத்தான் ஒரு ஊடு விடாம அனுப்புனமுங்க."

கறியை எடை குறையாமல் பங்கு போட்டுப் பழகியவர்களிடம், உங்களுக்குப் பங்கு வராமல் இருந்திருந்தால்தான் உங்களுக்கு நல்லது நடந்திருக்கும் என்று எந்த வாயால் சொல்வது? ஆனாலும் ஆராய்ச்சிப் பெண் சொன்னாள், நாலு தரம் திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஊர்க்கவுண்டர் கடைசியில், "அப்ப நாங்க கெடுத்துப்போட்டமுங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

வாசிப்பு அக்கா இப்போது சொன்னாள். "கூடாதுன்னு நீங்க சொன்னது எனக்குத் தெரியுமுங்க. ஊரு சொல்லுச்சுன்னு மட்டும் செய்யலீங்க. அங்க நாள் பூரா சொல்லிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்தா, எம் புள்ள புஸ்தகத்தத் தலகீழாப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குமுங்க."

ஆராய்ச்சிப் பெண் ஒரு வழி இருக்கிறது என்றாள். இங்கே நடந்ததை அக்கா தன் வாயால் சொன்னால், இரண்டு பள்ளியும் கலந்துவிட்டன என்று காரணம் காட்டிக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மீதிப் பள்ளிகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. திட்டம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நிபந்தனையை மீறியவர் என்று அக்காவின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் போய்விடும்.

எனக்கு வந்ததே கோபம். "என்னம்மா நியாயம் இது? நல்லாச் சொல்லித் தருவாளான்னுதானே பாத்தீங்க? ரெண்டு ஊருக்குச் சொல்லித் தந்திருக்கா. இவளுக்கு என்ன வேணும்னு கேக்காம, வெளிய போன்னு சொல்றீங்க!"

"எனக்கும் தெரியுது மேம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். கேட்டவளும் நல்லவள்தான். அதுதான் நொம்பக் கடுப்பு.

வாசிப்பு அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் சொல்லிட்டா டீச்சர் ஸ்கூலுக்கு அக்கா வருமுங்களா?"

"வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்குக்கா."

"அப்பச் சொல்றேனுங்க. எழுதிக்கோங்க."

திட்டம் பிழைத்தது. தீபாவளி கழிந்து எங்கள் பள்ளிக்கும் ஒரு வாசிப்பு அக்கா வந்தாள். இனிமேல் கலப்பு வரக் கூடாது என்று, வெளியூர்ப் பெண்ணைத்தான் போட வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். ஏற்காட்டிலிருந்து வருகிறாள். டிகிரி முடித்தவள். கெட்டிக்காரிதான். மழை வலுத்தால் வர மாட்டாள், பஸ் நின்றால் வர மாட்டாள். வந்த அன்றைக்கு நன்றாகத்தான் சொல்லித் தருகிறாள். பழைய அக்கா எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டாள். அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் தெரிந்தவர் என்பதால் பழம் பறிக்கச் சேர்த்துக்கொண்டார்.

சாயங்கால வகுப்பும் நின்றுபோயிருந்தது. நாளெல்லாம் சரிவில் நின்று பறித்துவிட்டு வருகிறவளுக்கு எங்கே தெம்பிருக்கும் என்று நானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். வாயாடி ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். வாசிப்பு போன வருஷம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பெரிய சொல் வந்தால் பழையபடி படத்தைப் பார்த்தாள். கோடை முடிந்தால் மாரமங்கலத்துக்கு ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. இந்த வயதில் பிள்ளைகள் இப்படித்தான் தேங்கி நிற்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். திட்டம் எல்லாப் பள்ளியிலும் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருகிறாளாம். பேசிக்கொண்டே நாங்கள் வாசலுக்கு வந்தபோது பழைய அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் சாக்குத் துணி அவிழ்க்காமல் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லாருக்கீங்களாக்கா, நல்லாருக்கேனுங்க என்று பேச்சு ஓடியது. ஆராய்ச்சிப் பெண் ஏதோ பேச வேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டிருப்பாள்.

"வீட்ல பாப்பாவுக்குச் சொல்லித் தர்றீங்களாக்கா?"

அவள் பதறிப்போனாள்.

"அய்யோ, இல்லீங்க! சத்தியமா இல்லீங்க. ஊர்ல யாருக்கும் சொல்லித் தர்றதில்லீங்க. எம் புள்ளைக்குக்கூட இல்லீங்க. போன தடவதான் என்னால எல்லாம் கெட்டுப் போச்சுங்களே. இந்தத் தடவ நான் வாயே தொறக்கலீங்க. புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்து, அம்மா இது என்னன்னு கேக்குமுங்க. எனக்குத் தெரியாது கண்ணு, நாளைக்கு ஸ்கூல்ல கேளுன்னு சொல்லிருவேனுங்க. அழுவுமுங்க. அழுதாலும் சொல்ல மாட்டேனுங்க."

சொல்லிவிட்டு, சரியாகத்தானே சொன்னேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். மகள் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஆராய்ச்சிப் பெண் பிடித்த கையை விடாமல் சொன்னாள். "அக்கா, அந்த ஒப்பீடெல்லாம் ஜூன்லயே முடிஞ்சு போச்சுக்கா. அதுக்கப்புறம் யாரு வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் சொல்லித் தரலாம்."

"ஜூன்லயேவாங்க?"

"ஆமாக்கா."

அவள் மகளைக் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒருத்தரும் வந்து சொல்லலீங்களே டீச்சர்" என்றாள்.